பத்து ஓட்டு வாங்கிய தூதர்: வாசகர் கேள்வி – பதில்

தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளை 1982இல் அர்ஜென்டினா படையெடுத்துப் பிடித்தது. அந்தப் பிரச்சினையில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் பிரிட்டனுக்காக வாதாடிய சர் ஆண்டனி பார்சன்ஸ் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: அவர் முதலில் ராணுவத்தில் இருந்தவராமே? தூதர் ஆனது எப்படி? (திருச்சி வாசகர்)

பதில்: ஆமாம். 1922இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்து 'மிலிட்டரி கிராஸ்' பதக்கம் பெற்றார். 1954இல் ராணுவத்தை விட்டு வெளியுறவுத் துறைக்கு வந்தார். அரபு மொழி அறிந்தவர் என்பதால் அம்மான், கெய்ரோ, கார்ட்டூம் என்று பெரும்பாலும் அந்த வட்டாரத்திலேயே பதவிகள் கிடைத்தன. 1965 முதல் 1969 வரை பஹ்ரைனில் 'பொலிட்டிகல் ஏஜென்ட்', அதாவது அங்கே பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி. பஹ்ரைன் காலனி அல்ல. உள்நாட்டு ஆட்சி ஷேக்கிடமும், வெளியுறவும் பாதுகாப்பும் பிரிட்டனிடமும் இருந்தன. அங்கிருந்து 1969இல் நியூயார்க்கில் ஐ.நா.வுக்கான பிரிட்டிஷ் தூதுக்குழுவுக்குப் போய் 1971 வரை வேலை பார்த்தார். அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் எளிதாகக் கண்ணில் படாத பதவி இது. ஆனால் பாதுகாப்பு சபையின் நடைமுறைகள் அவருக்கு அத்துப்படியானது இங்கேதான். பிறகு 1974 முதல் 1979 வரை ஈரானில் தூதர், 1979 முதல் 1982 வரை ஐ.நா.வில் நிரந்தரப் பிரதிநிதி.

கேள்வி: ஐ.நா. ஒரு நாடு இல்லையே, அங்கே தூதருக்கு என்ன வேலை? (நாகர்கோவில் வாசகி)

பதில்: ஓட்டு சேர்ப்பதுதான் முதல் வேலை. பாதுகாப்பு சபையில் 15 நாடுகள். தீர்மானம் நிறைவேற 9 ஓட்டு வேண்டும். ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர்கூட எதிர்த்து ஓட்டுப் போடக் கூடாது; அவர்களின் எதிர்ப்பு ஓட்டுதான் 'வீட்டோ'. தம்மைத் தவிர்த்த மற்ற 14 பேரில் யார் தம் அரசிடம் கேட்காமலே முடிவெடுப்பார், யாருக்குத் தலைநகரிலிருந்து தந்தி வர வேண்டும் என்று அறிந்து வைத்திருப்பவரே அங்கே பிழைப்பார்.

கேள்வி: ஃபாக்லாந்து தீர்மானம் ஒரே நாளில் நிறைவேறியதை ஏன் பெரிய சாதனை என்கிறார்கள்? படையெடுத்தது அர்ஜென்டினா; கண்டிப்பது இயல்புதானே? (கோவை வாசகர்)

பதில்: இயல்பு இல்லை. தீவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் அணிசேரா நாடுகளில் பல அர்ஜென்டினா பக்கம் இருந்தன. பிரிட்டன் பழைய காலனி எஜமானன் என்ற கோபமும் இருந்தது. சோவியத் ஒன்றியம் அர்ஜென்டினாவிடம் ஏராளமாகத் தானியம் வாங்கிக்கொண்டிருந்ததால் வீட்டோ அச்சமும் உண்டு.

பார்சன்ஸ் செய்தது இதுதான். கப்பல்கள் தீவை நோக்கி வருகின்றன என்று தெரிந்ததும், ஏப்ரல் 1 அன்றே சபையை அவசரமாகக் கூட்டினார். அம்மாதத் தலைவர் ஜயீர் நாட்டின் கமாண்டா வா கமாண்டா. இரு தரப்பும் பலப்பிரயோகத்தைத் தவிர்க்க வேண்டும் என்று சபையின் சார்பில் அவர் அறிக்கை வாசித்தார். பிரிட்டன் அதை ஏற்றது. மறுநாள், ஏப்ரல் 2, அர்ஜென்டினா தரையிறங்கியது. இதனால் அது பிரிட்டனை மட்டுமல்ல, சபையின் வேண்டுகோளையும் மீறியதாக ஆகிவிட்டது. தயங்கிய நாடுகளை அசைத்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

அடுத்தது வரைவு. வழக்கமாக ஒரு வரைவை எல்லோரிடமும் காட்டி, நாள்கணக்கில் பேசி, சொல்லுக்குச் சொல் திருத்துவார்கள். அப்படி விட்டால் காரம் குறைந்து ஒன்றுமில்லாமல் போகும் என்று பார்சன்ஸ் அறிவார். முடிந்த வரைவையே நேராக மேசையில் வைத்து, 24 மணி நேரத்தில் ஓட்டெடுப்பு கேட்டார். அதில் மூன்றே அம்சங்கள்: சண்டையை உடனே நிறுத்த வேண்டும், அர்ஜென்டினப் படைகள் உடனே வெளியேற வேண்டும், இரு அரசுகளும் பேச்சுவார்த்தையில் தீர்வு தேட வேண்டும். தீவு யாருடையது என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அதைத் தொட்டிருந்தால் ஓட்டு சிதறியிருக்கும். அந்த மௌனம்தான் வரைவின் பலம் என்பது எங்கள் கருத்து.

ஏப்ரல் 3, சனிக்கிழமை. ஆதரவு 10, எதிர்ப்பு 1 (பனாமா), நடுநிலை 4 (சோவியத் ஒன்றியம், சீனா, போலந்து, ஸ்பெயின்). தீர்மானம் 502 நிறைவேறியது. ஜோர்டானின் ஓட்டு கடைசிவரை இழுபறி. பிரதமர் தாட்சர் மன்னர் ஹுசைனுக்கே தொலைபேசியில் பேசிய பிறகுதான் அது உறுதியானது. எதிர்த்தரப்பில், அர்ஜென்டினத் தூதர் எதுவார்தோ ரோகா புதிதாகப் பொறுப்பேற்றவர். சபை உறுப்பினர்களோடு பழகவே அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

கேள்வி: பிரிட்டனே வழக்கில் ஒரு தரப்பு. அது எப்படி ஓட்டுப் போடலாம்? (சேலம் வாசகர்)

பதில்: இதே கேள்வியை அன்று பனாமா வெளியுறவு அமைச்சர் இல்யுயேகா எழுப்பினார். ஐ.நா. சாசனத்தின் 27ஆம் பிரிவின்படி, ஆறாம் அத்தியாயத்தின் (தகராறுகளுக்கு அமைதி வழியில் தீர்வு) கீழ் எடுக்கும் முடிவுகளில் தகராறில் சம்பந்தப்பட்ட நாடு ஓட்டளிக்கக் கூடாது. ஆனால் 502இல் 'அமைதி மீறப்பட்டுள்ளது' என்ற சொற்றொடர் இருக்கிறது. அது அமைதி மீறலுக்கு எதிரான நடவடிக்கைகளைச் சொல்லும் ஏழாம் அத்தியாயத்தின் வாசகம். அங்கே இந்தத் தடை கிடையாது. பார்சன்ஸ் அதைச் சுட்டிக்காட்டினார், ஆட்சேபம் நிற்கவில்லை. வரைவு எழுதும்போதே இதற்கு வழி செய்தாயிற்று. ஒருவேளை பிரிட்டனின் ஓட்டு கழிந்திருந்தாலும் 9 மிஞ்சும். ஜோர்டானும் விலகியிருந்தால் 8தான், தீர்மானம் செத்திருக்கும்.

கேள்வி: அர்ஜென்டினாதான் வெளியேறவில்லையே! அப்புறம் அந்தக் காகிதத்தால் என்ன பயன்? (மதுரை வாசகர்)

பதில்: பயன் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏப்ரல் நடுவில் ஐரோப்பிய சமூகத்தை (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) அர்ஜென்டின இறக்குமதிக்குத் தடை விதிக்க வைத்தது பிரிட்டன். கப்பற்படையை அனுப்பியதற்கு ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவின் தற்காப்பு உரிமையைக் காட்டியது. 'சபை தலையிட்ட பிறகு தற்காப்பு உரிமை ஏது?' என்று எதிர்த்தரப்பு கேட்டது. 'சபை சொல்லியும் ஆக்கிரமித்தவர் போகவில்லை' என்பதே பதில்.

ஆனால் நாள் ஆக ஆக ஆதரவு கரைந்தது. ஜூன் 4 அன்று ஸ்பெயினும் பனாமாவும் கொண்டுவந்த போர்நிறுத்த வரைவுக்கு 9 ஓட்டு விழுந்துவிட்டது. பிரிட்டனும் அமெரிக்காவும் வீட்டோ போட்டுத்தான் தடுத்தன. ஓட்டெடுப்பு முடிந்த கையோடு அமெரிக்கத் தூதர் கர்க்பாட்ரிக், ஓட்டை மாற்ற முடியுமானால் தம் நாடு நடுநிலை வகித்திருக்கும் என்று சபையிலேயே அறிவித்தார். வாஷிங்டனின் மறு உத்தரவு அவர் கைக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது. பத்து நாளில், ஜூன் 14 அன்று, தீவில் அர்ஜென்டினப் படை சரணடைந்தது.

கேள்வி: இவ்வளவு கெட்டிக்காரர் ஈரானில் மன்னர் ஷா விழப்போவதை ஏன் கணிக்கவில்லை? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: நியாயமான கேள்வி. 1978 மே மாதத்தில்கூட, ஷாவுக்குப் பெரிய ஆபத்தில்லை என்ற கருத்திலேயே அவர் இருந்தார். 1973–74இல் எண்ணெய் விலை நான்கு மடங்கு ஏறி, ஈரானிடம் பணம் குவிந்தது. பிரிட்டனின் 'சீஃப்டன்' டாங்குகள் முதல் எதையும் விற்கலாம் என்ற நிலை. அதனால் தூதரகத்தையே ஏற்றுமதிக்கு உதவும் அலுவலகமாக அமைத்துக்கொண்டார்கள். மசூதியிலும் கடைவீதியிலும் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க ஆள் போதவில்லை. எதிர்க்கட்சியினரோடு பழகவும் தயங்கினார்கள். 1941இல் தந்தையைப் பதவியிறக்கிய பிரிட்டன் தமக்கும் குழிபறிக்கும் என்ற சந்தேகம் ஷாவுக்கு எப்போதும் இருந்தது. 1978 நவம்பர் 5 அன்று கூட்டம் புகுந்து தூதரகத்தின் ஒரு பகுதியைக் கொளுத்தியது. 1979 ஜனவரி 16 அன்று ஷா நாட்டை விட்டுப் போனார்.

பார்சன்ஸ் இதை மழுப்பவில்லை. 1984இல் ஈரான் பற்றித் தாமே எழுதிய நூலில், கண்முன் இருந்த தகவலைச் சரியாகப் பொருள்கொள்ளத் தவறினோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஓய்வுபெற்ற தூதர்கள் எழுதுவதில் இப்படிப்பட்ட பக்கங்கள் குறைவு. அதனாலேயே அவர்மேல் எங்களுக்கு மதிப்பு கூடுகிறது.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு? (புதுச்சேரி வாசகர்)

பதில்: 1982இல் பணி ஓய்வு. உடனே தாட்சர் தம் வெளியுறவு ஆலோசகராக அழைத்துக்கொண்டார். 1983 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பின்னர் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு வைத்துக்கொண்டு எழுதினார். 1996 ஆகஸ்டில் காலமானார்.