தேளுக்கும் வேட்டைக்காரனுக்கும் பகை. உங்களுக்கும் மகனுக்கும் என்ன?

கேள்வி: என் மகன் திருவாதிரை, நான் கேட்டை. திருவாதிரை இருப்பது ஓரியன் என்ற வேட்டைக்காரனின் விண்மீன் கூட்டத்திலாம்; அந்த ஓரியனைத் தேள் கொட்டிக் கொன்றதாம். கேட்டை அந்தத் தேளின் இதயமாம். இரண்டும் ஒன்றாக வானில் தோன்றாது, அதுபோலத் தாயும் மகனும் பிரிய நேரும் என்கிறார் ஒருவர். பரிகாரமாக ஓரியனில் ஒரு நட்சத்திரத்துக்கு மகன் பெயரைப் பதிவு செய்து சான்றிதழ் தருவாராம். 4,500 ரூபாய். கட்டலாமா?
- வாசகி, கரூர்

பதில்: கட்டாதீர்கள், அம்மா.

ஜாதகம் பார்ப்பது என் வேலையில்லை. ஆனால் உங்களைப் பயமுறுத்தும் இந்தக் கதை நம் ஜோதிடத்தைச் சேர்ந்ததே அல்ல, கிரேக்கக் கதை. அங்கும் ஒரே கதையாக இல்லை. ஹோமரின் காவியத்தில் தேளே கிடையாது. வைகறைத் தேவதை ஈயோஸ் ஓரியன்மேல் ஆசைப்பட்டாள்; வேட்டைத் தேவதை ஆர்ட்டெமிஸ் அவனை அம்பெய்து கொன்றாள், அவ்வளவுதான். உலகிலுள்ள மிருகங்களையெல்லாம் கொல்வேன் என்று அவன் பீற்றிக்கொள்ள, பூமித்தாய் கையா தேளை அனுப்பினாள் என்பது இன்னொரு கதை. கடலில் தூரத்தில் கருப்பாகத் தெரிந்ததைக் குறிபார்த்து அடி என்று அப்போலோ தன் இரட்டைச் சகோதரி ஆர்ட்டெமிஸை ஏமாற்ற, அது ஓரியனின் தலையாக இருந்தது என்பது மூன்றாவது. நமக்கோ அதே திருவாதிரை நடராஜருடைய நாள். உங்களிடம் வந்தவர் மூன்றில் விற்கக்கூடிய ஒன்றைப் பொறுக்கியிருக்கிறார்.

சான்றிதழ் விஷயம். நட்சத்திரத்துக்குப் பெயர் விற்கும் உரிமை உலகில் யாருக்கும் இல்லை. 1919இல் தொடங்கிய சர்வதேச வானியல் ஒன்றியம்தான் பெயர்களை முறைப்படுத்துகிறது, அது விற்பதில்லை. நல்ல அட்டையில் நீங்களே அச்சடித்துக்கொண்டால் அதற்கும் இதே மதிப்புதான். ஒருமுறை ஒரு தம்பதி இப்படியொரு தாளோடு என் தொலைநோக்கியைத் தேடி வந்தார்கள். அதிலிருந்த எண்களைப் பார்த்துக் குழலைத் திருப்பினேன். மங்கலாக ஏழெட்டுப் புள்ளிகள். "இதில் எங்கள் பாப்பாவுடையது எது?" என்று கேட்டார் அப்பா. நான் ஏதோ ஒன்றைக் காட்டினேன். இன்றும் உறுத்துகிறது.

ஒன்றியம் தன் இணையதளத்தில் ‘விற்பனை இல்லை’ என்று எழுதிவைத்ததோடு சரி. வியாபாரம் அமோகமாக நடக்கிறது. பள்ளிகளும் ஒத்தாசை செய்வதில்லை. இரவு வானத்தை உற்றுநோக்கு என்று பாடத்தில் போடுவார்கள். காலை பத்து மணிக்கு வகுப்பறையில் அதற்கு மதிப்பெண்ணும் போட்டுவிடுவார்கள். வானத்தைப் பார்த்தே பழகாதவர்களிடம் யாரும் எதையும் விற்கலாம்.

இப்போது அந்த ‘ஒன்றாகத் தோன்றாது’ என்பதற்கு வருவோம். இதைத்தான் நீங்கள் கண்ணால் சரிபார்க்க வேண்டும். தேள் எழும்போது ஓரியன் பூமியின் விளிம்புக்கு ஓடுகிறான் என்று கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அராட்டஸ் பாடினார். அவர் பாடியது கிரேக்கத்து வானத்தை. கிரேக்கம் நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 38 பாகை வடக்கே இருக்கிறது. கரூர் 11 பாகையில். கேட்டை தென்வானத்து நட்சத்திரம். பார்ப்பவர் தெற்கே வர வர அது சீக்கிரமாக எழும். அதனால் கிரேக்கர்கள் தொடுவானத்தில் தேடித் துழாவ வேண்டியிருந்த காட்சி, நமக்குச் சுமார் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. கேட்டை எழுந்த பிறகும் திருவாதிரை மறையாமல் நிற்கும். கிரேக்கத்துக் கதையை வாங்கி வந்தவர்கள் அட்சரேகையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

ஏப்ரல் 14, சித்திரை முதல் நாளை ஒட்டி, இரவு பத்தேகாலுக்கு மகனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். கிழக்கிலும் மேற்கிலும் கட்டடம் மறைத்தால் காவிரிக் கரைக்கு. கையை நீட்டி முஷ்டியை மடக்கித் தொடுவானத்தின் மேல் வையுங்கள். அந்த முஷ்டி உயரத்துக்குச் சற்றுக் கீழே, மேற்கில் ஒரு சிவந்த புள்ளி: திருவாதிரை. திரும்பித் தென்கிழக்கில் அதே உயரத்தில் தேடினால் இன்னொரு சிவப்பு: கேட்டை. தொடுவானம் புழுதியாக இருந்தால் இரண்டும் மங்கித்தான் தெரியும். கண் பழகப் பத்து நிமிடம் கொடுங்கள், கைபேசியை எடுக்காதீர்கள்.

மேகம் மறைத்தால் மறுநாள் பாருங்கள், நான்கு நிமிடம் முன்னதாக.