மருந்து கம்பெனி தரும் ஆராய்ச்சிப் பணத்தை டாக்டர் வாங்கலாமா?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் சொந்தமாக கிளினிக் வைத்திருக்கிறேன். எங்கள் வட்டாரத்துச் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகப் பாதிப்பு பற்றி ஆய்வு செய்துதரும்படி ஒரு மருந்து கம்பெனி கேட்கிறது. 300 நோயாளிகள், படிவத்துக்கு 2,500 ரூபாய், என் சேமிப்புக் கணக்கிலேயே போடுவார்களாம். முன்பணம் 50,000 வந்தும்விட்டது. 22 படிவங்கள் நிரப்பி வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. "கடையில் விற்கிற மருந்துதானே சார், எத்திக்ஸ் கமிட்டியெல்லாம் எதுக்கு?" என்கிறார் கம்பெனியின் ரெப். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?
(பெயர் வேண்டாம்)

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள், டாக்டர்.

அதற்காகக் கம்பெனிப் பணத்தில் ஆராய்ச்சி செய்வதே தப்பு என்று நினைத்துவிட வேண்டாம். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகளில் 2009 டிசம்பரில் சேர்த்த 6.8-ஆம் பிரிவு அதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. (2023 ஆகஸ்ட்டில் புது விதிகள் வந்தன. வந்த மூன்றே வாரத்தில் தேசிய மருத்துவ ஆணையமே அவற்றை நிறுத்திவைத்து, பழையதே செல்லும் என்று சொல்லிவிட்டது.)

அந்தப் பிரிவு தடுப்பது, பணம் நேராக உங்கள் கைக்கு வருவதைத்தான். மருந்து கம்பெனியிடம் ரொக்கமோ மானியமோ தனிப்பட்ட முறையில் எந்தச் சாக்கிலும் வாங்கக் கூடாது. ஆராய்ச்சி நிதி என்றால் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் வழியாக, ஒளிவுமறைவு இல்லாமல் வர வேண்டும். உங்கள் சேமிப்புக் கணக்கு எந்தக் கணக்கிலும் அப்படிப்பட்ட நிறுவனம் ஆகாது. மீறினால் தண்டனை, வாங்கிய தொகையைப் பொறுத்தது. 10,000-க்கு மேல் 50,000 வரை என்றால் மருத்துவர் பதிவேட்டிலிருந்து ஆறு மாதம் பெயர் நீக்கம். ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓராண்டுக்கும் மேல். 300 படிவத்துக்கு ஏழரை லட்சம் வருகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய படிவ நகலைப் படித்தேன். ஆய்வு சிறுநீரகத்தைப் பற்றி என்கிறார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் எழுத ஒரே ஒரு கட்டம்தான், அதுவும் ஒரு தடவைக்கு மட்டும். மாத்திரையின் பிராண்ட் பெயரோ மேலே தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அதன் கீழே 'ஆரம்பித்த தேதி', 'தொடர்கிறாரா' என்று இரண்டு கட்டங்கள். வேறு மாத்திரை சாப்பிடுகிறவரை எழுத இடமே இல்லை, பக்க விளைவுக்கும் இடமில்லை. நான் சட்டம் படித்தவன், மருத்துவம் தெரியாது. எனக்கே இது விற்பனைக் கணக்காகத் தெரிகிறது என்றால், புகாரை விசாரிக்க மருத்துவக் கவுன்சிலில் உட்காருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? படிவத்துக்கு 2,500 என்பதை மருந்துச் சீட்டுக்கு 2,500 என்றுதான் படிப்பார்கள்.

டாக்டர் வாங்கக் கூடாத பணத்தைக் கொடுத்த கம்பெனி, அதை வியாபாரச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியாது என்று அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கொடுக்கும் பணத்துக்கெல்லாம் 'ஆராய்ச்சி' என்று பெயர் எழுதிவிடும் ஆசை கம்பெனிகளுக்குப் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம். மருந்து விற்பனைக்கென்று மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்ட நெறித்தொகுப்பும், முறையான அனுமதி பெற்ற ஆய்வுக்குத்தான் கம்பெனி பணம் தரலாம் என்கிறது. அது கம்பெனிகளுக்கானது. உங்கள் தலைக்கு மேல் தொங்குவது மாநில மருத்துவக் கவுன்சில்தான்.

ஆய்வில் நோயாளிகளின் நலனும் உரிமையும் காக்கப்படுகிறதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி விஷயத்தில் ரெப் சொல்வது தவறு. மருந்து புதிதா பழையதா என்பதல்ல கேள்வி. வெறுமனே கவனித்து எழுதுகிற ஆய்வாக இருந்தாலும், புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் பற்றிய 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற கமிட்டி ஒன்று அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பக்கத்து மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்துகொள்வதுதான் உங்களுக்கு நல்ல வழி. கமிட்டி அங்கேயே இருக்கும். பணம் கல்லூரிக்கு வரட்டும், உங்கள் உழைப்புக்கான ஊதியத்தை எழுத்தில் நிர்ணயித்து அவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தும் சி.டி.ஆர்.ஐ. என்ற ஆய்வுப் பதிவேட்டிலும் பதிந்துவிடுங்கள். நிதி யாருடையது என்று அங்கே எழுத வேண்டியிருக்கும். பணம் எங்கிருந்து, எவ்வளவு என்பதைத் தொடக்கத்திலேயே பகிரங்கமாகச் சொல்ல வேண்டும் என்பதும் 6.8-இன் நிபந்தனைதான், தொகையையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

அப்புறம் ஒப்பந்தத்தின் 9-ஆம் ஷரத்து. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் முடிவுகளை வெளியிடக் கூடாது என்கிறது. முடிவுகளை வெளியிடும் சுதந்திரம் டாக்டருக்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்கிறது 6.8. நேர் எதிர். 'வெளியிடும் முன் 60 நாள் அவகாசத்தில் கம்பெனிக்குப் பிரதி தரப்படும், கம்பெனி கருத்துச் சொல்லலாம், தடுக்க முடியாது' என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் இந்த ஆய்வு எதற்காக என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்த 22 படிவங்களைக் கொடுக்காதீர்கள். அந்த நோயாளிகள் வைத்தியத்துக்கு வந்தவர்கள், ஆராய்ச்சிக்குச் சம்மதித்தவர்கள் அல்லர். இப்போது கூப்பிட்டுப் பழைய தேதி போட்டுக் கையெழுத்து வாங்குவது இன்னும் மோசம். 2009-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் பள்ளி மாணவிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்ட திட்டம் நினைவிருக்கலாம். விடுதி மாணவிகள் பலருக்குப் பெற்றோரிடம் கேட்காமல் வார்டன்களே சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தது பிறகு பெரிய விவகாரமானது. 2010-இல் திட்டமே நின்றது. முறையாகத் தொடங்கும்போது தமிழில் சம்மதப் படிவம் தயாரித்து, பணம் தருவது யார் என்பதையும் அதில் ஒரு வரி எழுதுங்கள்.

முன்பணத்தை ரெப் கையில் ரொக்கமாகத் திணித்து அனுப்ப வேண்டாம். எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு இந்த வாரமே வங்கி வழியாகத் திருப்பி அனுப்புங்கள். அன்றைக்கே கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு, எந்தத் தேதியில் வந்த பணம், ஏன் திருப்புகிறீர்கள் என்று நாலு வரி மின்னஞ்சல். திருப்பிக் கொடுத்ததால் வாங்கியது இல்லையென்று ஆகிவிடாது. ஆனால் நாளைக்கு கவுன்சிலிலிருந்து நோட்டீஸ் வந்தால், அந்த மெயிலும் பாஸ்புக்கில் அந்த ஒரு வரியும்தான் உங்கள் முதல் இரண்டு சாட்சிகள்.