நள்ளிரவு தாண்டி 1.20-க்கு விமானம்: எத்தனை மணிக்குக் கிளம்புவது?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அம்மாவும் அப்பாவும் விழுப்புரத்திலிருந்து முதல் தடவையாக இங்கே வருகிறார்கள். திங்கட்கிழமை அதிகாலை 1.20-க்குச் சென்னையில் விமானம். செக்யூரிட்டி வரிசை மணிக்கணக்கில் நகராது என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். ஆறு மணி நேரம் முன்னாலேயே போய்விட வேண்டும் என்கிறார் மாமா. ஊரில் ஒரு டிராவல்ஸ்காரர், ஆளுக்கு இரண்டாயிரம் கொடுத்தால் வரிசையில் நிற்காமல் உள்ளே கூட்டிப்போய் விடுகிறேன் என்கிறார். அப்பா இன்சுலின் போடுகிறவர். என்ன செய்யலாம்?

பதில்: வரிசையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், விமானம் திங்கட்கிழமை 1.20 என்றால் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியது ஞாயிற்றுக்கிழமை என்பது அப்பாவுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். சிரிக்காதீர்கள். செக்-இன் கவுன்டரில் பல வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், டிக்கெட்டில் திங்கள் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை ராத்திரி மாலை மரியாதையோடு குடும்பமாக வந்து இறங்குகிறவர்கள் உண்டு. விமானம் நேற்றே போய்விட்டது என்று அவர்களிடம் சொல்கிற வேலை எந்த எதிரிக்கும் வேண்டாம். அதனால் "ஞாயிறு ராத்திரி பயணம்" என்று ஒரு தாளில் பெரிதாக எழுதி, வீட்டு காலண்டரில் ஒட்டச் சொல்லுங்கள்.

ஞாயிறு என்றால் இன்னொரு தலைவலியும் இருக்கிறது. லீவுக்கு ஊருக்குப் போன அத்தனை பேரும் சென்னைக்குத் திரும்புகிற சாயங்காலம் அது. பரனூர் டோல்கேட்டில் ஆரம்பித்து பெருங்களத்தூர், தாம்பரம் வரை வண்டி ஊர்ந்துதான் வரும். நீங்கள் பயப்படுகிற செக்யூரிட்டி வரிசையைவிட இந்த ஜி.எஸ்.டி. ரோடு வரிசை மோசம், இதற்கு டோக்கனும் கிடையாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குள் கிளம்பிவிடட்டும். சீக்கிரம் வந்து சேர்ந்தால் வழியில் நல்ல ஓட்டலில் டிபன் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, சாவகாசமாகப் போகலாம்.

விமான நிலைய வாசலில் ஒன்பதரை மணிக்கு நின்றால் போதும். ஆறு மணி நேரக் கணக்கில் ஏழு மணிக்கே உள்ளே போனால் என்ன ஆகும்? கவுன்டர் திறந்திருக்காது. பொதுவாக மூன்று மணி நேரம், சில கம்பெனிகளில் நான்கு மணி நேரம் முன்னால்தான் திறப்பார்கள். அதுவரை பெட்டியைக் காவல் காத்துக்கொண்டு நாற்காலி தேட வேண்டியதுதான். அதே சமயம் மூடும் நேரத்தில் ஏமாந்துவிடக் கூடாது. வெளிநாட்டு விமானத்துக்கு 60 அல்லது 75 நிமிடம் முன்னால் கவுன்டரை மூடிவிடுவார்கள், அதாவது 1.20 விமானத்துக்கு 12.20 அல்லது 12.05. அதற்கப்புறம் அழுதாலும் கம்ப்யூட்டர் கேட்காது. வெப் செக்-இன் செய்துவிட்டேன் என்று தைரியமாக வருகிறவர்களுக்கும் இதேதான், பெட்டி போடுகிற வரிசையில் அவர்களும் நின்றே ஆக வேண்டும்.

உள்ளே மொத்தம் நான்கு வரிசை. வாசலில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பார்ப்பது, செக்-இன் கவுன்டர், இமிக்ரேஷன், கடைசியாக செக்யூரிட்டி. வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா விமானங்கள் பல ராத்திரியில்தான் கிளம்புகின்றன, அதனால் இமிக்ரேஷனும் செக்யூரிட்டியும் பத்து மணிக்கு மேல் திருவிழாக் கூட்டம்தான். அந்த வரிசைகளை உங்களால் சுருக்க முடியாது. ஆனால் உங்கள் அப்பா அம்மாவை வரிசையிலிருந்து வெளியே இழுப்பது பெரும்பாலும் அவர்கள் பெட்டியாகத்தான் இருக்கும், அது உங்கள் கையில் இருக்கிறது.

எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். கைப்பை ஆளுக்கு ஏழு கிலோ. கவுன்டரில் நிறுத்துப் பார்த்தால் பத்து காட்டும். உடனே தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறப்பார்கள். முறுக்கு டப்பா இங்கே, புடவை அங்கே என்று அவசரத்தில் மாற்றும்போது, கைப்பையில் இருந்த பவர் பேங்க் பெரிய பெட்டிக்குள் போய்விடும். அந்தப் பெட்டி பெல்ட்டில் போய், உள்ளே எக்ஸ்ரேயில் மாட்டும். பவர் பேங்க் செக்-இன் பெட்டியில் போகவே கூடாது, கையில்தான் இருக்க வேண்டும். இமிக்ரேஷன் வரிசையில் பாதி தூரம் நகர்ந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அல்லது போன் வரும். அரை மணி நேரம் போச்சு. ஆகவே வீட்டிலேயே எடை போட்டு, ஆறு கிலோவோடு கைப்பையை மூடிவிடச் சொல்லுங்கள். பவர் பேங்க் வேண்டவே வேண்டாம், போனை முழுசாக சார்ஜ் போட்டுக்கொண்டு வரட்டும். கற்பூரம், தீப்பெட்டி, லைட்டர், கொப்பரைத் தேங்காய் எதுவும் எந்தப் பெட்டியிலும் கூடாது. நெய், ஊறுகாய், எண்ணெய் எல்லாம் கசியாமல் கட்டி பெரிய பெட்டிக்குள். கைப்பையில் திரவம் என்றால் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். பாட்டில் அளவுதான் கணக்கு, 200 மில்லி பாட்டிலில் கால்வாசி எண்ணெய் இருந்தாலும் குப்பைத் தொட்டிதான்.

இந்த 100 மில்லி கதை 2006-இல் லண்டனில் திரவ வெடிபொருளோடு விமானங்களைத் தகர்க்கப் போட்ட சதி பிடிபட்டதிலிருந்து வருகிறது. இப்போது பைக்குள் இருப்பதைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடிக்கிற ஸ்கேனர் வந்துவிட்டது, அது இருக்கிற இடத்தில் லேப்டாப்பைக்கூட வெளியே எடுக்க வேண்டாம். நம் ஊரிலும் பெரிய விமான நிலையங்களில் 2023 முடிவதற்குள் வைத்துவிட வேண்டும் என்று கெடு போட்டார்கள். கெடுவுக்கென்ன, அது பாட்டுக்குத் தள்ளிப்போகும். கட்டடம் கட்ட, கடை திறக்க எல்லாம் வேகம்தான், ஜனங்கள் கால் கடுக்க நிற்பதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

செக்யூரிட்டியில் அம்மாவுக்கு ஒன்று சொல்லி வையுங்கள். பெண்களுக்குத் தனி வரிசை, திரை போட்ட தடுப்புக்குள் பெண் காவலர் சோதிப்பார், அது மெதுவாகவே நகரும். கைப்பை ஒரு பக்கம் எக்ஸ்ரேயில் போய் மறுபக்கம் வந்து கிடக்கும், அம்மா திரைக்குள் இருப்பார். அப்பா முதலில் வெளியே வந்துவிட்டால் இரண்டு ட்ரேயையும் எடுத்துக்கொண்டு அங்கேயே நிற்கட்டும், கேட்டைத் தேடிப் போய்விட வேண்டாம். ஹிந்தியில் ஏதாவது கேட்டால் பதற வேண்டாம், பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் காட்டினால் போதும். சென்னையில் இருந்துகொண்டு தமிழ் தெரிந்த ஒருவரை வரிசைக்கு ஒருவராகப் போட என்ன கஷ்டமோ தெரியவில்லை.

இன்சுலினுக்கு வருவோம், இதில் அவசரப்படாமல் படியுங்கள். மருந்துக்கு 100 மில்லிக் கட்டுப்பாடு இல்லை, பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டு போகலாம். ஆனால் இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. விமானத்தின் அடிப்பகுதியில் குளிர் ஏறி உறைந்துவிட்டால் மருந்து வீண், பெட்டி தொலைந்தாலும் ஆபத்து. பேனா, ஊசி, மருந்து எல்லாம் ஒரு தனிப் பையில், கைப்பையின் மேல்புறம். கூடவே டாக்டர் சீட்டு, ஆங்கிலத்தில், சமீபத்தில் எழுதியது. சீட்டில் இருக்கிற பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். நம் ஆட்களுக்கு இன்ஷியல் பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்திருக்கும், டாக்டரோ வெறும் இன்ஷியலோடு எழுதிக் கொடுப்பார். ஒத்துப்போகவில்லை என்றால் கேள்வி வரும், ஆகவே பாஸ்போர்ட் நகலைக் காட்டியே எழுதி வாங்கச் சொல்லுங்கள். மருந்து டப்பாவை மேல்லேபிளோடு வைத்துக்கொள்ளட்டும். ட்ரேயில் வைக்கும்போதே "இன்சுலின்" என்று சொல்லிவிட வேண்டும். ஒளித்து வைத்ததுபோல அடியில் கிடந்தால்தான் பையைக் கவிழ்ப்பார்கள். ஐஸ் ஜெல் பாக்கெட் வைத்தால் அதைப் பற்றித் தனியாக விசாரணை நடக்கும், இந்த நாலு மணி நேர விமானத்துக்கு டாக்டரிடம் கேட்டு அதைத் தவிர்க்க முடியுமா பாருங்கள்.

அந்த டிராவல்ஸ்காரருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். டிக்கெட்டோ பாஸோ இல்லாமல் அவராலேயே உள்ளே போக முடியாது. செக்யூரிட்டி மத்திய தொழில் பாதுகாப்புப் படை கையில், இமிக்ரேஷன் உள்துறை அமைச்சகத்தின் கையில், இவர் யாரிடம் என்ன சொல்லிவிடப் போகிறார்? காசு வாங்கிக்கொண்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு "நேராப் போங்க" என்பார், அவ்வளவுதான். இதே ஆள், முகத்தை கேமராவில் காட்டி உள்ளே போகிற டிஜியாத்ரா ஆப்பைப் போட்டுத் தருகிறேன் என்றும் வருவார். அது இலவசம், தவிர உள்நாட்டு விமானத்துக்குத்தான். வெளிநாட்டுப் பயணத்துக்கு இமிக்ரேஷனில் தானியங்கிக் கதவு வழியாகப் போகிற எஃப்.டி.ஐ.-டி.டி.பி. என்றொரு திட்டம் 2025 ஜனவரியிலிருந்து சென்னையில் இருக்கிறது, அதுவும் இலவசம். முன்கூட்டி விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதால் இந்தத் தடவைக்கு நம்ப வேண்டாம். அடுத்த தடவைக்குப் பாருங்கள்.

சிங்கப்பூருக்குள் நுழைகிறவர்கள் நிரப்ப வேண்டிய அரைவல் கார்டிலும் இதே கொள்ளை. வந்து சேருகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், அந்த ஊர் குடிநுழைவுத் துறையான ஐ.சி.ஏ.வின் இணையதளத்தில் நீங்களே நிரப்பலாம், கட்டணமே கிடையாது. தேடினால் முதலில் வருகிற தளங்கள் சிலது இதற்கு டாலரில் காசு கேட்கும், ஏமாறாதீர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் வீல்சேரை விமானக் கம்பெனியிடம் 48 மணி நேரம் முன்னால் பதிந்துவிடுங்கள், தள்ளி வருகிறவர் காசுக்குத் தலையைச் சொறிந்தால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லை.

திரும்பி வரும்போது ஒன்று மாறும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் 4-ஆம் முனையம் தவிர மற்றவற்றில் செக்யூரிட்டி சோதனை கேட் வாசலிலேயே நடக்கும், ஆகவே கடையெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசி நிமிடத்தில் போனால் அங்கே வரிசை காத்திருக்கும். தண்ணீர் பாட்டிலை அதற்கு முன்னால் காலி செய்துவிட வேண்டும். இதை அப்பாவிடம் இப்போது சொல்லிக் குழப்பாதீர்கள், ஏற்றிவிடப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம்.