மழைக்காலப் பார்சல்: எந்த கூரியரில் போடுவது?

கேள்வி: சின்னாளப்பட்டியில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். போன மழையில் வேளச்சேரிக்கு அனுப்பிய ஆறு சேலைகள் ஒன்பது நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தன. அதுவும் ஓரமெல்லாம் நனைந்து, சாயம் இறங்கி. கூரியர் ஆபீஸில் கேட்டால், “மழைக்கு நாங்க என்ன பண்றது?” என்கிறார்கள். வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஏதாவது கிடைக்குமா? இந்த ஐப்பசி, கார்த்திகைக்கு எந்த கூரியர் நல்லது?

பதில்: தாமதம் வேறு, நனைந்தது வேறு. இரண்டுக்கும் மழையையே பதிலாகச் சொல்லி உங்களை அனுப்பிவிட்டார்கள்.

சாலையே மூழ்கினால் தாமதத்துக்கு யாரையும் பிடிக்க முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின், விழுப்புரம் அருகே அரசூரில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் புகுந்து போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டி பக்கம் ரயில்களும் நின்றன. அன்று எக்ஸ்பிரஸ் கட்டணம் கட்டிய பார்சலும் சாதாரணப் பார்சலும் ஒரே வரிசையில்தான் நின்றிருக்கும். ஆனால் சாலை திறந்த பிறகும் பார்சல் கிடங்கிலேயே கிடந்தால், அந்த நாட்களுக்கு மழை சாக்கு ஆகாது. டிராக்கிங் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எந்த ஊரில் எத்தனை நாள் கிடந்தது என்பது அதில் இருக்கும்.

நனைந்ததற்கு, சரக்கைப் பத்திரமாக வைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ஓனர் ரிஸ்க்’ (சேதமானால் அனுப்பியவர் பொறுப்பு) என்றோ, இழப்பீடு இவ்வளவுதான் என்றோ இருக்கலாம். அதைக் காட்டியதும் திரும்பி வந்துவிடாதீர்கள். எழுத்தில் புகார் கொடுங்கள், பிறகு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். ‘வியாபாரத்துக்கு அனுப்பியது, நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்றும் வாதாடுவார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்பவர் நுகர்வோரே என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி நீங்களும் வாதாடலாம். உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள், வழக்குப் போடலாம். சேலை விலைக்கு பில் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் கொஞ்சம் சிரமம்தான்.

சரி, எந்த கூரியர்? பெயரைச் சொல்ல மாட்டேன். மழையில் முக்கியம் பார்சல் போய் இறங்கும் கிளைதான். 2023 மிக்ஜாம் புயலில் டிசம்பர் 4 மூடிய சென்னை விமான நிலையம் மறுநாள் காலையே திறந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணைத் தெருக்களில் தண்ணீர் வடியத்தான் நாட்கள் ஆயின. லாரி சென்னைக்கு வந்துவிடும், டெலிவரிப் பையனின் பைக்தான் தெருவுக்குள் போகாது. அதனால் வாங்குபவரிடமே கேளுங்கள்: அவர் வீட்டுக்குப் பக்கத்தில், மேட்டில், யாருடைய கிளை இருக்கிறது, அவரே போய் வாங்கிக்கொள்வாரா? அந்த கூரியரில் போடுங்கள். விலை கூடிய சேலை என்றால் ஸ்பீடு போஸ்டில் இன்ஷூரன்ஸ் சேர்த்து அனுப்பலாம். வானிலை மையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விட்டிருந்தால் இரண்டு நாள் பொறுத்து அனுப்புவதை வாங்குபவர் தப்பாக நினைக்க மாட்டார், முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்.

அப்புறம் பேக்கிங். சுங்குடிக்குச் சாயம் ஒட்டும் பயம் எப்போதும் உண்டு. ஒவ்வொரு சேலையையும் தனித்தனி பாலிதீன் உறையில் போட்டு வாயை டேப்பால் ஒட்டுங்கள். அட்டைப்பெட்டி மட்டும் போதாது, நனைந்தால் ஊறிவிடும். முகவரி மேலே அகலமான செலோடேப், உள்ளே இன்னொரு முகவரிச் சீட்டு. கட்டுவதற்கு முன் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘நீங்கள் சரியாகக் கட்டவில்லை’ என்பதுதான் அவர்கள் அடுத்துச் சொல்லப்போவது.