மூட்டு வலி மாத்திரைகள்: டப்பாவின் பின்பக்கத்தையும் படியுங்கள்

மூட்டு வலி சப்ளிமெண்ட் பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. பதிலுக்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூட்டு வலி என்பது ஒரே நோய் இல்லை. வயதாக ஆகக் குருத்தெலும்பு தேய்வது வேறு, உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் வேறு, யூரிக் அமிலம் படிந்து வரும் கவுட் வேறு. எது என்று தெரியாமல் வாங்கினால் எந்த மாத்திரையும் குருட்டாம்போக்குதான்.

அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் தேய்மானம். இரண்டு வருடமாகக் குளுக்கோசமைன் என்ற மூட்டு சப்ளிமெண்ட் சாப்பிடுகிறார். தொடரலாமா?

ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். மாடிப்படி இறங்கும்போது வலி முன்பு போலவே இருந்தால் விட்டுவிடலாம். 2006-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் முழங்கால் தேய்மானம் உள்ள 1,583 பேரைச் சேர்த்து 24 வாரம் பார்த்தார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் நூற்றுக்கு 60 பேருக்கு வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தது, குளுக்கோசமைன் அதைக் குறிப்பிடும்படி மிஞ்சவில்லை. ஆக, “எனக்குக் கேட்டது” என்பவர் பொய் சொல்லவில்லை, ஆனால் கேட்டது மாத்திரைதானா என்பதுதான் சந்தேகம். அமெரிக்க வாதநோய் நிபுணர்கள் சங்கமும் 2019 வழிகாட்டுதலில் இது வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அப்புறம், பெரும்பாலும் இதை இறால், நண்டு ஓட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள், அந்த அலர்ஜி இருப்பவர்கள் கவனம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தக் கசிவு ஆபத்தும் கூடலாம்.

அம்மாவை நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கச் சொல்லுங்கள், தொடைத் தசை பலப்படும். உடல் எடை அதிகமாக இருந்தால், 1 கிலோ குறைந்தாலே ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் ஏறும் பாரம் சுமார் 4 கிலோ குறையும்.

மஞ்சள் கேப்ஸ்யூல் இயற்கைதானே, பயமில்லாமல் எடுக்கலாமா?

சமையலில் போடும் மஞ்சளும் இதுவும் ஒன்றல்ல. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் உடலில் சேர்வது மிகக் குறைவு என்பதால் மிளகிலிருந்து எடுத்த பைபரின் சேர்த்து, பல மடங்கு உறிஞ்சும்படி செய்கிறார்கள். தேய்மான வலிக்குச் சிறிய ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் இப்படி எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. சிறுநீர் அடர் நிறமாகப் போனாலோ கண் மஞ்சளானாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பித்தப்பைக் கல் இருந்தால் வேண்டவே வேண்டாம்.

எனக்கு முடக்குவாதம். மீன் எண்ணெய் எடுத்தால், டாக்டர் கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். வலி குறைந்திருக்கும்போதே மூட்டு உள்ளே அரித்துக்கொண்டிருக்கலாம், ஒரு தடவை கோணிவிட்டால் விரல் பழையபடி நேராகாது. அதோடு எழுதிக் கொடுத்த ஃபோலிக் அமிலத்தையும் விடக்கூடாது.

மீன் எண்ணெய் துணைக்கு உதவும், காலை விறைப்பு கொஞ்சம் குறையும். ஆனால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் 1,000 மி.கி. என்று பெரிதாக இருக்கும், பின்பக்கம் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று இருக்கும், இவை ஒமேகா-3 கொழுப்புகள். வேலை செய்வது அந்த 300 மட்டும்தான். ஆய்வுகளில் பலன் தெரிந்த அளவோ நாளுக்குச் சுமார் 3 கிராம், அதாவது பத்து கேப்ஸ்யூல்! அதுவும் இரண்டு மூன்று மாதம் விடாமல். தினம் ஒன்று போட்டுவிட்டுப் பலனை எதிர்பார்ப்பது வீண். அளவைக் கூட்டும் முன் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொலாஜன் என்ற புரதப் பவுடர் நேரே மூட்டுக்குப் போகுமா?

போகாது. மற்ற புரதம் மாதிரியே வயிற்றில் உடைந்துதான் ரத்தத்தில் சேரும். உறுதியான சான்று இல்லை.

ஆன்லைனில் வாங்கிய “மூலிகை” மாத்திரையில் இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. நல்லதுதானே?

இந்தக் கேள்விதான் என்னை பயமுறுத்துகிறது. எந்த மூலிகையும் இவ்வளவு வேகமாகக் கேட்காது. 2022-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சில மூட்டு வலி சப்ளிமெண்ட்களைச் சோதித்தபோது, லேபிளில் இல்லாத டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையும் உள்ளே இருந்தன. என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு முகம் வட்டமாக உப்பி, கையெல்லாம் தொட்ட இடத்தில் கன்றிப்போய், சர்க்கரையும் ஏறியிருந்தது. “சத்து மாத்திரைதான் டாக்டர்” என்று பையிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினார்.

பல வாரமாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, உடல் தன் ஸ்டீராய்டு சுரப்பைக் குறைத்துக்கொண்டிருந்தால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரை போகலாம். டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு இன்றைக்கே ஒரு டாக்டரைப் பாருங்கள், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார்.