குழந்தை பிறந்தபின் மனம் நிலைகொள்ளவில்லை, தியானம் செய்ய நேரமும் இல்லை. என்ன செய்வது?

குழந்தை பிறந்து ஐந்து வாரம், காரணமில்லாமல் அழுகை வருகிறது, எல்லோரும் தியானம் செய்யச் சொல்கிறார்கள், எனக்குக் குளிக்கவே நேரமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் என் மகள் பிறந்த நாட்கள் ஞாபகம் வந்துவிட்டது.

நானும் தினம் இருபது நிமிடம் கண்ணை மூடி உட்காரப் பார்த்தேன். மூன்றாவது நிமிடமே அழுகுரல் கேட்கும். இதுகூட என்னால் முடியவில்லையே என்று வருத்தம்தான் கூடியது. அதனால் முதலில், இதற்கென்று தனி நேரம் தேடுவதை விட்டுவிடுங்கள்.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். தாய்ப்பாலோ புட்டிப்பாலோ, அத்தனை முறை நீங்கள் எப்படியும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். உட்கார்ந்ததும் தோள்களைத் தளர விடுங்கள். மூச்சை இயல்பாக இழுத்து, விடும்போது மட்டும் கொஞ்சம் நிதானமாக, நீளமாக விடுங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்பு சற்றுக் குறையும், உடம்பின் படபடப்பும் இறங்கும். ஐந்து மூச்சு போதும். அப்புறம் குழந்தை விழுங்கும் சத்தத்தைக் கேளுங்கள், கையில் படும் அதன் தலையின் சூட்டைக் கவனியுங்கள். மனம் வேறெங்கோ ஓடும், ஓடட்டும். ஓடிவிட்டது என்று தெரிந்து திரும்பி வருவதுதான் பயிற்சியே. மூச்சைக் கவனித்தால் பயம் கூடுகிறது என்றால் அதை விட்டுவிட்டு, பாதம் தரையில் பதிந்திருப்பதைக் கவனியுங்கள். எனக்கு அதுதான் ஒத்துவந்தது. இரவில் பால் கொடுக்கும்போது போனைக் கையில் எடுக்காமல் இருந்ததும் நிறைய உதவியது.

இன்னொன்று. 'நான் நல்ல அம்மா இல்லை' என்று தோன்றும்போது, 'நான் நல்ல அம்மா இல்லை என்று ஒரு எண்ணம் வந்திருக்கிறது' என்று உள்ளுக்குள் சொல்லிப் பாருங்கள். சின்ன மாற்றம்தான், ஆனால் எண்ணத்துக்கும் உங்களுக்கும் நடுவே கொஞ்சம் இடம் கிடைக்கும். குழந்தை கைதவறி விழுவதுபோல் காட்சிகள் மனதில் வந்து போவதும் புதுத் தாய்மார்கள் பலருக்கு நடப்பதுதான். வருவதாலேயே நீங்கள் அதை விரும்புகிறீர்கள் என்று ஆகாது. நான் இதை வெளியே சொல்லாமல் மாதக்கணக்கில் பயந்தேன். நீங்கள் அப்படிப் பயப்பட வேண்டாம்.

ஆனால் ஐந்து வாரம் என்கிறீர்களே, மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பிரசவம் முடிந்ததும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களின் அளவு சட்டென்று இறங்கும். தூக்கமும் கெட்டிருக்கும். அதனால் முதல் சில நாட்கள் அழுகை வருவது மிகச் சாதாரணம், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். அதையும் தாண்டித் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மனச்சோர்வாக இருந்தால் மூச்சுப் பயிற்சி துணைக்கு இருக்கலாம், அது மட்டும் போதாது. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, எடின்பரோ அளவுகோல் என்று 1987-இல் வெளியான கேள்வித்தாள் ஒன்று உண்டு. கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள், சில நிமிடங்களில் முடிந்துவிடும். மருந்து தேவைப்பட்டாலும், பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடியவை இருக்கின்றன.

சாக வேண்டும் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிட வேண்டும் என்றோ தோன்றினால், இல்லாத குரல் கேட்டால், குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் துளித் தூக்கம் வராமல் ஒரே பரபரப்பாக இருந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம், யாரையாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

மருத்துவர் முன்னால் எனக்கு வாயே திறக்கவில்லை. முந்தின நாள் இரவு ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததை அப்படியே நீட்டினேன். அவர் படித்து முடிக்கும்வரை மகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கும் பேச வரவில்லை என்றால், இங்கே கேட்டிருக்கும் கேள்வியையே காட்டுங்கள்.