பக்கத்துக் கடைக்காரர் கூகுள் மேப்பில் பெயரை நீட்டி வைத்து மேலே வருகிறார், நானும் அப்படியே செய்யலாமா?

விளாங்குடியில் ஏ.சி. சர்வீஸ் கடை வைத்திருப்பதாகவும், புதிதாக வந்த ஒருவர் ‘மதுரை பெஸ்ட் ஏ.சி. சர்வீஸ் 24 மணி நேரம்’ என்று பெயர் போட்டு உங்களுக்கு மேலே நிற்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

வில்லாபுரத்தில் 19 வருஷமாக மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன். கடைக்கு அப்பா பெயர். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, ஐ.டி.ஐ. முடித்தவன். அதனால் தொழில்நுட்பத்தில் தப்பு இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள். ஆனால் பட்டது என் அனுபவம்.

டி.வி.எஸ். நகரில் ஒரு ரிட்டயர்டு டீச்சர், பல வருஷமாக எங்களிடம்தான் வேலை கொடுப்பார். அன்று நான் ஊரில் இல்லை. வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறவில்லை என்று மேப்பில் தேடியிருக்கிறார். மெஷின் கம்பெனியின் பெயரோடு ‘சர்வீஸ் சென்டர் மதுரை’ என்று ஒன்று முதலில் வந்திருக்கிறது. கம்பெனி ஆட்கள்தான் என்று நம்பிக் கூப்பிட்டிருக்கிறார். வந்த பையன் மெஷினின் சர்க்யூட் போர்டு போய்விட்டது என்று கழற்றிக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்து அதே போர்டை மாட்டி 4,200 ரூபாய் வாங்கியிருக்கிறான். தண்ணீர் அப்போதும் போகவில்லை. நான் போய்த் திறந்தால் தண்ணீரை வெளியே தள்ளும் டிரெயின் பம்பில் ஒரு ஹேர்பின் சிக்கியிருக்கிறது. அவ்வளவுதான். “நான் படிச்சவ, நானே ஏமாந்துட்டேனேப்பா” என்று டீச்சர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அந்தப் பெயரை மேப்பில் தேடினேன். வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம், அவனியாபுரம் என்று மூன்று இடத்தில் குறி, மூன்றுக்கும் ஒரே போன் நம்பர். வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அவனியாபுரத்துக் குறி ஒரு வீட்டு வாசலில் போய் நின்றது. பெயர்ப் போர்டும் இல்லை, கடையும் இல்லை. திண்ணையில் இருந்த ஆச்சி, “வாஷிங் மெஷினா? இந்த மாசத்துல நீ நாலாவது ஆளுப்பா” என்றார்.

தொழில் போட்டியில் பேசுகிறான் என்று சிலர் நினைப்பீர்கள். போட்டி இருக்கட்டும், எங்கள் தெருவிலேயே இரண்டு ரிப்பேர் கடை உண்டு, ஸ்பேர் இல்லையென்றால் மாற்றி மாற்றி வாங்கிக்கொள்வோம். இல்லாத கடைக்குப் பெயர் வைப்பது போட்டி இல்லை.

கூகுளின் விதி இதில் தெளிவாக இருக்கிறது. கடைப் போர்டில் என்ன பெயரோ அதுதான் அங்கேயும் இருக்க வேண்டும். ஏரியா பெயர், செய்யும் வேலை, போன் நம்பர், ‘பெஸ்ட்’ எதையும் பெயரோடு ஒட்டக் கூடாது. வீட்டுக்கு வந்து மட்டும் வேலை பார்ப்பவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிக்கு வருவோம் என்று மட்டும் போட வேண்டும். பெயரை நீட்டினால் மேலே வருகிறது என்பதும் உண்மைதான், கண்ணால் பார்த்தேன். என் மச்சான் மகன் எனக்கும் அப்படிப் போட்டு, இரண்டு வாரம் நல்ல கூட்டம். டீச்சர் விஷயத்துக்குப் பிறகு மனசு கேட்கவில்லை, எடுக்கச் சொல்லிவிட்டேன். யாராவது புகார் கொடுத்து, மேப்பில் இருக்கும் நம் கடைப் பக்கத்தை கூகுள் முடக்கினால், வருஷக்கணக்காகச் சேர்த்த ரிவ்யூவும் சேர்ந்து மறைந்துவிடும்.

அந்த ரிவ்யூ சேர்ப்பதும் லேசில்லை. ரிப்பேர் பார்த்து, போன் பண்ணிப் பண்ணிக் கூப்பிட்டாலும் மிக்ஸியை எடுக்க வரமாட்டார்கள். எட்டு மாதம் கழித்து வந்து, ஜாரில் தூசி என்று ஒரு நட்சத்திரம் போட்ட புண்ணியவான் உண்டு. என் ஷெல்ஃபில் இப்போதும் ஒன்பது மிக்ஸி இருக்கிறது. கடை வாடகையை யார் கொடுப்பது?

சரி, புகாருக்கு வருகிறேன். மேப்பில் அந்தக் கடையைத் திறந்தால் ‘சஜஸ்ட் அன் எடிட்’ (திருத்தம் சொல்ல) என்று வரும். அதில் சரியான பெயரைக் கொடுக்கலாம், இடமே இல்லையென்றால் அதையும் சொல்லலாம். நான் வெறுமனே அனுப்பிய முதல் திருத்தத்தை ஏற்கவில்லை. அப்புறம்தான் ‘பிசினஸ் ரெட்ரெசல் கம்ப்ளெயிண்ட் ஃபார்ம்’ என்று, இப்படி ஏமாற்றும் கடைப் பக்கங்கள் மேல் புகார் கொடுக்கும் படிவம் கூகுளிலேயே தனியாக ஒன்று இருப்பது தெரிந்தது. ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு வீட்டு வாசலைப் படம் எடுத்து, மூன்று குறியின் ஸ்கிரீன்ஷாட்டோடு சேர்த்து அனுப்பினேன். மூன்று வாரத்தில் இரண்டு குறி போய்விட்டது. உங்கள் விஷயத்தில் கடை நிஜமாகவே இருக்கிறது என்பதால், அவர் போர்டைப் படம் எடுத்தாலே போதும். போர்டிலும் அதே நீளப் பெயர் இருந்தால் புகார் நிற்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேப்பில் உங்கள் கடைப் பக்கத்தில் பெயரைத் தொடாமல், என்ன வகைக் கடை என்று கேட்கும் ‘கேட்டகரி’யில் ஏ.சி. ரிப்பேர் என்று சரியாகப் போடுங்கள். செய்யும் வேலைகளுக்கென்று தனி இடம் இருக்கிறது, கேஸ் நிரப்புவது, வாட்டர் சர்வீஸ் எல்லாம் அங்கே எழுதுங்கள். பணம் இழந்த கஸ்டமர் யாராவது வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைச் சொல்லுங்கள். டீச்சருக்கு நான்தான் போன் போட்டுக் கொடுத்தேன், ரசீது இல்லாததால் சிரமப்பட்டார்.

போகாமல் இருந்த அந்த மூன்றாவது குறி இப்போது வேறு கம்பெனி பெயருக்கு மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.